பலகை நிறைய ஒட்டுத்தாள், நடுவில் ஒரு கோடும் இல்லை: வகுப்பில் பயன்படுத்திப் பார்த்த செயலிகள் பற்றி

ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை முதல் தடவையாக ஒரு டிஜிட்டல் பலகையில் எழுதவிட்டபோது பத்தே நிமிடத்தில் நாற்பதுக்கும் மேல் ஒட்டுத்தாள்கள் வந்து விழுந்தன. மஞ்சள், பச்சை, இளஞ்சிவப்பு என்று புரொஜெக்டர் திரை முழுக்க நிறம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்று மாலை தனியாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தபோதுதான் உறைத்தது. 'சூரியன்', 'இலை', 'தண்ணீர்', 'மண்', 'காற்று' என்று பாடப்புத்தகச் சொற்கள் துண்டு துண்டாகக் கிடந்தன, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் என்ன உறவு என்று ஒரு பிள்ளையும் எழுதவில்லை, எழுதச் சொல்லி நானும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு எந்தச் செயலியைப் பார்த்தாலும் எனக்கு இரண்டே கேள்விகள்தான். பேசத் தயங்கும் பிள்ளையும் தன் எண்ணத்தைப் பலகையில் வைக்க இது வழி கொடுக்கிறதா? வைத்த எண்ணங்களுக்கு நடுவே கோடு போட்டு, அந்தக் கோட்டுக்கு ஒரு பெயர் வைக்கச் சொல்கிறதா? முதல் வேலையை ஏறக்குறைய எல்லாச் செயலிகளும் நன்றாகச் செய்கின்றன. இரண்டாவதில்தான் பெரும்பாலானவை கைவிட்டுவிடுகின்றன. கீழே எழுதியிருப்பதெல்லாம் நடுநிலை வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கும் ஒருவரின் அனுபவம். நான்கு பிள்ளைகளுக்கு ஒரு லேப்டாப் அல்லது டேப்லெட், இணையம் சில நாள் வரும் சில நாள் வராது, ஒரு பாடவேளை நாற்பது நிமிடம் என்ற கணக்கில் படியுங்கள்.

ஜாம்போர்டிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் நிறையப் பேருக்கு இந்த வகைச் செயலி அறிமுகமானதே அதில்தான். கூகுள் அதை முதலில் 55 அங்குலத் தொடுதிரையாக 2016-இல் அறிவித்தது. அப்புறம் அதன் செயலி வடிவம்தான் வகுப்பறைகளுக்குள் பரவியது. பேனா, அழிப்பான், ஒட்டுத்தாள், படம், அவ்வளவுதான். ஒரு கோப்பில் 20 பக்கங்களுக்கு மேல் சேர்க்க முடியாது. அந்தக் குறைவான வசதிதான் அதன் பலம் என்று இப்போதும் சொல்வேன். பிள்ளைகளுக்கு ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம், தொலைந்துபோக இடமே இல்லை. 2023 செப்டம்பரில் நிறுத்தப் போவதாக அறிவித்து, 2024 டிசம்பர் 31-ஆம் தேதியோடு மூடிவிட்டார்கள். ஃபிக்ஜாம், லூசிட்ஸ்பார்க், மிரோ ஆகிய மூன்றையும் மாற்றாக அவர்களே பரிந்துரைத்தார்கள்.

அதிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. எந்தப் பலகையாக இருந்தாலும் பாடம் முடிந்த அன்றே பிடிஎஃப் ஆகவோ படமாகவோ இறக்கி, வகுப்பு, தேதி, பாடத்தின் பெயர் போட்டுச் சேமித்துவிடுகிறேன். இன்னொரு செயலியில் (பெயர் வேண்டாம்) இலவசக் கணக்கின் வரம்பு திடீரென்று குறைந்ததில் ஒரு பருவத்தின் பலகைகள் எல்லாம் பூட்டிக்கொண்டன. பிள்ளைகள் தங்கள் வரைபடத்தைத் திரும்பப் பார்க்கக் கேட்டபோது காட்ட முடியாமல் நின்றேன். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. செயலியைத் தேர்ந்தெடுக்கும் முன் 'வெளியே எடுக்க முடியுமா, எந்த வடிவத்தில்?' என்று பாருங்கள். மற்ற வசதிகளெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

சரி, செயலிகளுக்குப் போகும் முன் தாளும் பேனாவும். இதைச் சம்பிரதாயத்துக்காகச் சொல்லவில்லை, நான் பயன்படுத்தியவற்றில் முதல் மதிப்பெண் இதற்குத்தான். காட்சிக் குறிப்பு (சொல்லோடு சின்னப் படமும் அம்புக்குறியும் சேர்த்து எடுக்கும் குறிப்பு) என்றால் அழகாகப் படம் வரைவது என்று பல ஆசிரியர்களே நினைக்கிறார்கள், அதனால் 'எனக்கு வரைய வராது' என்று ஒதுங்கிவிடுகிறார்கள். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் வாம்ஸ், மீட், ஃபெர்னாண்டஸ் ஆகிய மூவர் 2016-இல் வெளியிட்ட ஆய்வில் சொற்களைத் திரும்பத் திரும்ப எழுதியவர்களைவிட அவற்றை வரைந்தவர்களுக்கு அதிகம் நினைவில் நின்றது. 4 நொடிதான் நேரம் கொடுத்தாலும் பலன் இருந்தது, படம் நன்றாக வந்ததா இல்லையா என்பதைப் பொறுத்து அந்தப் பலன் மாறவில்லை. ஏன் என்று யோசித்தால் நியாயமாகத்தான் படுகிறது. ஒரு சொல்லைக் கேட்டபடியே எழுதிவிட முடியும், புரியாமலேகூட. வரைய வேண்டும் என்றால் அது எப்படி இருக்கும், எதன் பக்கத்தில் இருக்கும், எந்தப் பக்கம் நகரும் என்று ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். 'ஆவியாதல்' என்று எழுதும் பிள்ளை அம்புக்குறியை மேல்நோக்கிப் போடுகிறதா கீழ்நோக்கிப் போடுகிறதா என்பதில்தான் அதற்கு என்ன புரிந்திருக்கிறது என்பது தெரியும்.

டேப்லெட்டில் பேனா வைத்து வரைவதும் இதுவேதானே என்று கேட்கலாம். இல்லை, கொஞ்சம் வேறு. திரையில் வரையும்போது பிள்ளைகள் அழித்துக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு இலையை ஏழெட்டு தடவை வரைந்து அழித்து, நிறம் மாற்றி, கோட்டின் தடிமனை மாற்றி, கடைசியில் பாடவேளை முடியும்போது ஒரு அழகான இலை மட்டும் இருக்கும். தாளில் தப்பாக வந்தால் பக்கத்தில் இன்னொன்று வரைந்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள், அந்தத் தப்பும் அங்கேயே இருக்கும், எனக்கு அதுதான் வேண்டும். விலை குறைந்த டேப்லெட்டுகளில் உள்ளங்கை பட்டால் கோடு விழும் தொல்லை வேறு. ஆகவே எங்கள் வகுப்பில் தனி ஆளாகச் செய்யும் குறிப்பு எல்லாம் கோடு போடாத தாளில்தான், ஒரு கறுப்புப் பேனா, கூட ஒரே ஒரு நிறம். நிறம் ஒன்று என்ற கட்டுப்பாடு முக்கியம். பன்னிரண்டு ஸ்கெட்ச் பேனாவும் மேசையில் இருந்தால் வேலை நிறத்தைச் சுற்றியே போய்விடும்.

அடுத்தது பிரெயின்ஸ்டார்மிங், அதாவது ஒரு தலைப்பில் தோன்றும் யோசனைகளையெல்லாம் கூடிக் கொட்டுவது. இதை 'எல்லாரும் சத்தமாகச் சொல்லுங்கள், நான் பலகையில் எழுதுகிறேன்' என்றுதான் நாம் செய்துவந்திருக்கிறோம். இந்த முறைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த அலெக்ஸ் ஆஸ்போர்ன் விளம்பரத் துறைக்காரர். குறை சொல்லாதே, எண்ணிக்கையைக் கூட்டு, விசித்திரமானதையும் வரவேற்று, மற்றவர் சொன்னதோடு சேர்த்துக் கட்டு என்பது அவர் சொன்ன விதிகள். விதிகள் நல்லவைதான். ஆனால் 1958-இலேயே யேல் பல்கலைக்கழகத்தில் டெய்லர், பெர்ரி, பிளாக் மூவரும் சோதித்துப் பார்த்ததில், கூடிப் பேசிய குழுவைவிட, தனித்தனியாக யோசித்த அதே எண்ணிக்கை ஆட்களின் யோசனைகளைச் சேர்த்தால் அதிகமாக இருந்தது. 1987-இல் டீல், ஸ்ட்ரோப என்ற இருவர் முக்கியக் காரணம் ஒன்றைக் காட்டினார்கள்: ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும், காத்திருக்கும் நேரத்தில் யோசனை மறந்துபோகும் அல்லது சொல்லத் தேவையில்லை என்று தோன்றிவிடும்.

வகுப்பறையில் நின்றவர்களுக்கு இதற்கு ஆய்வே வேண்டாம். முன் வரிசையில் நான்கு பேர் கையைத் தூக்கிக்கொண்டே இருப்பார்கள், மூன்றாவது வரிசையில் ஒரு பிள்ளை எதையோ சொல்ல வாயைத் திறந்து, முன்னால் இருப்பவன் அதையே சொல்லிவிட்டதும் மூடிக்கொள்ளும். டிஜிட்டல் பலகையின் உண்மையான லாபம் இந்த இடத்தில்தான் இருக்கிறது, எல்லாரும் ஒரே நேரத்தில் எழுதலாம், யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். ஆனால் ஒரு சிக்கல். அடுத்தவர் எழுதுவது உடனுக்குடன் திரையில் தெரிந்தால் எல்லாரும் அதைப் பார்த்து அதையே எழுதுகிறார்கள். முதல் ஒட்டுத்தாளில் 'சூரியன்' என்று வந்தால் அடுத்த ஐந்திலும் சூரியன்தான். ஆகவே மற்றவர் எழுதுவதை மறைத்துவைக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். மிரோவில் பிறருடைய ஒட்டுத்தாள் வாசகத்தை மறைக்கும் தனிமை முறை உண்டு. பேட்லெட்டில் ஆசிரியர் ஒப்புதல் கொடுத்த பிறகே பதிவு தெரியும்படி வைக்கலாம், நான் அதை வைத்து முதல் ஐந்து நிமிடம் எதற்கும் ஒப்புதல் கொடுக்காமல் இருந்துவிட்டு, பிறகு மொத்தமாகத் திறந்துவிடுகிறேன். எந்த வசதியும் இல்லையென்றால் புரொஜெக்டரை அணைத்துவிட்டு, முதலில் தாளில் எழுதச் சொல்லிவிட்டுப் பிறகு பலகையில் ஏற்றச் சொன்னால் போதும்.

இனி ஒவ்வொன்றாக. பேட்லெட், தொடக்கத்தில் வால்விஷர் என்ற பெயரில் வந்தது. ஒரு லிங்க் கொடுத்தால் போதும், பிள்ளைகள் கணக்குத் தொடங்காமலேயே எழுதலாம், படம் ஒட்டலாம், குரல் பதிவு சேர்க்கலாம். இந்தக் குரல் பதிவு எனக்கு மிகவும் பிடித்த விஷயம், ஏனென்றால் எழுத்தில் திணறும் பிள்ளை வாயால் அழகாகச் சொல்லிவிடும், அது பலகையில் மற்றவர்களுடைய பதிவுக்குச் சமமாக உட்காரும். வரிசை, பத்தி, காலக்கோடு, உலக வரைபடம் என்று பல வடிவங்களில் பலகையை அமைக்கலாம். கான்வாஸ் வடிவத்தை எடுத்தால் பதிவுகளை அம்புக்குறியால் இணைக்கவும் முடியும். ஆனால் அதற்கு அந்த வடிவத்தை நாமாகத் தேடிப் போக வேண்டும். வழக்கமாக ஆசிரியர்கள் போடுவது சுவர் வடிவம், அதில் பதிவுகள் அடுக்கடுக்காக வந்து நிற்கும், அவ்வளவுதான். சேகரிக்க இதைவிடச் சுலபமானது எனக்குக் கிடைக்கவில்லை. இலவசக் கணக்கில் பலகைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, ஆகவே பழையதைச் சேமித்துவிட்டு அழித்து அழித்துத்தான் ஓட்ட வேண்டும்.

மிரோவும் ஃபிக்ஜாமும் அலுவலகங்களுக்காக வளர்ந்தவை, அது பார்த்தவுடனே தெரியும். மிரோ முதலில் ரியல்டைம்போர்டு என்ற பெயரில் இருந்து 2019-இல் பெயர் மாறியது, ஃபிக்ஜாம் 2021-இல் வந்தது. இரண்டிலும் ஆசிரியர், மாணவர் என்று உறுதிசெய்தால் கல்விக் கணக்கு இலவசமாகக் கிடைக்கும், விண்ணப்பித்துக் கொஞ்சம் காத்திருக்க வேண்டியிருக்கும். நேரம் காட்டும் கடிகாரம், வாக்களிப்பு எல்லாம் உண்டு. பெரிய வகுப்புகளுக்கு, அதாவது ஒரு திட்டப்பணியை மூன்று நான்கு வாரம் ஒரே பலகையில் வளர்க்கிறவர்களுக்கு, இவை நிச்சயம் பொருத்தம். ஃபிக்ஜாமில் முத்திரை குத்துவதும் பிறர் வேலைக்குக் கைதட்டுவதும் பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும் வகையில் இருக்கின்றன, முதல் நாள் அதிலேயே விளையாடித் தீர்த்துக்கொள்ள ஒரு பத்து நிமிடம் கொடுத்துவிடுவது நல்லது.

என் கவலை எல்லையில்லாத பலகை என்ற கருத்தின் மேலேயே. பெரிதாக்கலாம், சிறிதாக்கலாம், எந்தப் பக்கமும் நகரலாம் என்றால் பதினொரு வயதுப் பிள்ளை எங்கேயாவது போய் நிற்கும். 'சார், எல்லாம் காணாமல் போயிடுச்சு' என்ற குரல் ஒரு பாடவேளையில் ஆறேழு தடவை வரும். எதுவும் காணாமல் போகவில்லை, பிள்ளைதான் பலகையில் தூரமாக நகர்ந்துவிட்டது. இப்படிப்பட்ட பலகையில் பாடம் எடுப்பதென்றால் முன்கூட்டியே ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு சட்டம் வரைந்து, பெரிய எழுத்தில் எண் போட்டு, பின்னணியை நகராதபடி பூட்டிவையுங்கள். பூட்டாமல் விட்டால் யாராவது ஒருவர் இழுத்துவிட மொத்தக் கட்டமும் நகரும். இந்தத் தயாரிப்புக்கு எனக்கு அரை மணி நேரம் ஆகிறது, ஒரு பாடவேளைக்கு அது அதிகம்.

எக்ஸ்காலிட்ராவை நான் அதிகம் பயன்படுத்துகிறேன், காரணம் எளிமை. 2020-இல் வந்த திறமூல மென்பொருள், அதாவது அதன் நிரல் எல்லாருக்கும் திறந்திருக்கும். உலாவியில் திறந்த நொடியே வரையலாம், கணக்கு வேண்டாம், பெயர் வேண்டாம், மின்னஞ்சல் வேண்டாம். பிள்ளைகளின் விவரத்தை எங்கேயும் கொடுக்காமல் இருக்கலாம் என்பதே எனக்குப் பெரிய நிம்மதி. சேர்ந்து வரைய லிங்க் கொடுத்தால் அந்தப் பகிர்வு முழுவதும் மறையாக்கம் செய்யப்படுகிறது (வெளியார் படிக்க முடியாதபடி பூட்டப்படுகிறது), திறவுகோல் லிங்க்கின் கடைசிப் பகுதியிலேயே இருப்பதால் சேவையகத்துக்கு உள்ளடக்கம் தெரியாது. இதையெல்லாம்விட அதன் கோடுகளின் தோற்றம். கட்டமும் வட்டமும் கையால் வரைந்ததுபோல் லேசாகக் கோணலாக இருக்கும். இது சின்ன அலங்காரம் என்று முதலில் நினைத்தேன். ஆனால் கோடு நேராகவும் பளபளப்பாகவும் இருந்தால் பிள்ளைகள் அதை முடிந்த வேலையாக நினைத்துக் கைவைக்கத் தயங்குகிறார்கள், கோணலாக இருந்தால் இன்னும் வரைவுதானே என்று அழித்து மாற்றுகிறார்கள். வரைந்ததைக் கோப்பாகக் கணினியிலேயே சேமிக்கலாம். ஒன்று மட்டும் கவனம், சேமிக்காமல் விட்டால் படம் அந்த உலாவியின் நினைவில்தான் இருக்கும், யாராவது உலாவித் தரவை அழித்தால் அதுவும் போய்விடும். பொதுக் கணினி உள்ள ஆய்வகங்களில் இது நடக்கக்கூடியதுதான்.

இப்போது நான் சொல்லவந்த விஷயத்துக்கு வருகிறேன். மனவரைபடம் வேறு, கருத்து வரைபடம் வேறு. டோனி புசான் எழுபதுகளில் தொலைக்காட்சி வழியாகப் பரப்பிய மனவரைபடத்தில் நடுவில் ஒரு தலைப்பு, அதிலிருந்து கிளைகள், கிளையிலிருந்து துணைக்கிளைகள். கிளை இருந்தால் தொடர்பு இருக்கிறது என்று அர்த்தம், என்ன தொடர்பு என்று யாரும் கேட்பதில்லை. கருத்து வரைபடம் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவாக்கும் அவர் குழுவும் 1972-இல் உருவாக்கியது. அவர்கள் பிள்ளைகளிடம் எடுத்த நேர்காணல்களிலிருந்து, அறிவியல் பற்றி அவர்கள் மனதில் இருப்பது ஆண்டுக்கு ஆண்டு எப்படி மாறுகிறது என்று காட்ட ஒரு வழி தேடியபோது பிறந்த முறை இது. இதில் இரண்டு கருத்துகளுக்கு நடுவே கோடு போட்டால் கோட்டின் மேல் ஒரு சொல் எழுத வேண்டும், 'உறிஞ்சுகிறது', 'ஆக மாறுகிறது', 'இல்லாவிட்டால் நடக்காது' என்று ஏதாவது. இரண்டு கட்டமும் நடுச்சொல்லும் சேர்ந்தால் ஒரு முழு வாக்கியம் ஆகிவிட வேண்டும். அந்த வாக்கியம் சரியா தப்பா என்று பார்க்கலாம். வெறும் கோட்டை வைத்து எதையும் சரிபார்க்க முடியாது.

இதற்கென்றே உள்ள சிமேப்டூல்ஸ் என்ற இலவச மென்பொருளை ஃபுளோரிடாவில் உள்ள ஐஎச்எம்சி என்ற ஆய்வு நிறுவனம் வெளியிடுகிறது. பழைய காலத்துத் தோற்றம், நிறுவ வேண்டும், முதல் நாள் கொஞ்சம் பொறுமை தேவை. ஆனால் ஒரு கட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு அம்பை இழுத்துவிட்டால் நடுவில் நான்கு கேள்விக்குறிகளோடு ஒரு பெட்டி வந்து நிற்கும். நிரப்பும்வரை அது கேள்விக்குறியாகவே நிற்கும். நான் பார்த்த செயலிகளில் பிள்ளையை நிறுத்தி 'என்ன உறவு?' என்று தானாகக் கேட்பது இது ஒன்றுதான், மற்றவற்றில் அம்புக்குறியின் மேல் எழுத வசதி இருந்தாலும் அதைத் தேடிப் பிடித்து எழுத வேண்டும், எழுதாமல் விட்டாலும் யாரும் கேட்பதில்லை.

ஒளிச்சேர்க்கைப் பாடத்தை முடித்த பிறகு குழுவாக ஒரு கருத்து வரைபடத்தைத் தாளில் வரையச் சொன்னேன். பாடம் நன்றாகப் போயிருந்தது, கேள்வி கேட்டால் வகுப்பே சேர்ந்து பதில் சொன்னது, சமன்பாடும் எழுதினார்கள். வரைபடத்தில் எட்டுக் குழுக்களில் ஐந்து குழுக்கள் மண்ணிலிருந்து செடிக்கு ஓர் அம்பு போட்டு நடுவில் 'உணவு கொடுக்கிறது' என்று எழுதியிருந்தன. அதே படத்திலேயே இன்னொரு மூலையில் 'இலை, தயாரிக்கிறது, உணவு' என்றும் இருந்தது. இரண்டையும் ஒரே கையால் எழுதியிருக்கிறார்கள், இரண்டும் மோதுகின்றன என்று யாருக்கும் தோன்றவில்லை. ஒட்டுத்தாளில் 'மண்' என்று மட்டும் எழுதியிருந்தால் எனக்கு இது எந்தக் காலத்திலும் தெரிந்திருக்காது. பார்த்ததும் சரி என்று நினைத்துக் கடந்துபோயிருப்பேன்.

அடுத்த வகுப்பில் நான் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. வான் ஹெல்மான்ட் செய்த சோதனையை மட்டும் சொன்னேன். பதினேழாம் நூற்றாண்டுக்காரர், ஒரு தொட்டியில் உலர்ந்த மண்ணை எடைபோட்டு நிரப்பி, ஒரு சிறிய வில்லோ மரக்கன்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். கன்று சுமார் இரண்டேகால் கிலோவிலிருந்து எழுபத்தைந்து கிலோவுக்கு மேல் வளர்ந்தது, மண்ணின் எடையோ அறுபது கிராம் அளவுக்குக்கூடக் குறையவில்லை. அவர் எல்லாம் தண்ணீரிலிருந்துதான் வந்தது என்று முடிவுசெய்தார், அதுவும் முழுக்கச் சரியில்லை, காற்றிலிருந்து வரும் கரியமில வாயு அவர் கணக்கில் இல்லை. இதைச் சொல்லிவிட்டு 'உங்கள் வரைபடத்தில் எந்தக் கோட்டை மாற்றுவீர்கள்?' என்று கேட்டேன். அதற்கப்புறம் நடந்த வாக்குவாதம்தான் நான் எடுத்த பாடங்களிலேயே சிறந்தது. ஒரு பெண் மண்ணிலிருந்து வரும் அம்பை அழிக்கக் கூடாது, மேலே உள்ள சொல்லைத்தான் மாற்ற வேண்டும், மண் தாது உப்புகளைக் கொடுக்கிறதே என்று மற்ற மூவரோடும் நின்று வாதாடினாள். வகுப்பில் அதுவரை அவள் குரலை நான் அதிகம் கேட்டதில்லை.

ஃப்ரீபிளேன், எக்ஸ்மைண்ட் பற்றிச் சுருக்கமாக. இரண்டும் மனவரைபடத்துக்கானவை, இணையம் இல்லாமலும் ஓடும், டேப் விசையை அழுத்தினால் துணைக்கிளை, என்டர் அழுத்தினால் பக்கத்துக் கிளை, கை வேகமாக ஓடும். ஃப்ரீபிளேன் திறமூலம், பழைய கணினியிலும் ஓடும். பாடத்தின் அமைப்பைத் தொகுத்துக்கொள்ள, கட்டுரை எழுதும் முன் சட்டகம் போட, ஆசிரியர் தன் பாடத்திட்டத்தைத் தயாரிக்க மிகவும் நல்லவை. பிள்ளைகளுக்குப் புரிந்ததா என்று பார்க்க நான் இவற்றை எடுப்பதில்லை, மேலே சொன்ன காரணம்தான்.

தமிழில் எழுதும்போது வரும் விஷயங்களை யாரும் மதிப்புரைகளில் எழுதுவதில்லை, ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முதலில் சொல்லின் நீளம். 'ஒளிச்சேர்க்கை', 'ஒருங்குறி', 'சுற்றுச்சூழல்' போன்ற சொற்கள் ஒரு சின்ன ஒட்டுத்தாளுக்குள் நிற்காது. சில செயலிகள் எழுத்தைச் சுருக்கிக்கொண்டே போய்க் கடைசியில் வகுப்பின் பின்வரிசைக்குத் தெரியாத அளவுக்குக் கொண்டுவந்துவிடும், சில செயலிகள் சொல்லை நடுவில் உடைத்து அடுத்த வரிக்குத் தள்ளும். அகலமான ஒட்டுத்தாள் வடிவம் இருந்தால் அதையே எடுங்கள். எக்ஸ்காலிட்ராவின் கையெழுத்து எழுத்துருவில் தமிழ் எழுத்துகள் கிடையாது, கணினியில் இருக்கும் வேறு தமிழ் எழுத்துரு வந்து உட்காரும். படிக்க முடியும், ஆனால் கோடுகள் கோணலாகவும் எழுத்து நேராகவும் இருக்கும்.

இரண்டாவது, பிடிஎஃப் ஆக இறக்கும்போது வரும் கோளாறு. ஒரு செயலியில் திரையில் சரியாகத் தெரிந்த 'கொ', 'மே' எல்லாம் இறக்கிய கோப்பில் கொம்பும் காலும் இடம் மாறி நின்றன. அன்றிலிருந்து தமிழில் எழுதிய பலகையைப் படமாகத்தான் இறக்குகிறேன். புதுச் செயலி எதையும் வகுப்புக்குக் கொண்டுபோகும் முன் 'கொம்பு, வௌவால், ஸ்ரீ, க்ஷ' என்று நாலு சொல் எழுதி இறக்கிப் பாருங்கள், ஒரு நிமிட வேலை.

மூன்றாவது, சொல்மேகம். எல்லாரும் ஆளுக்கொரு சொல் அனுப்ப, அதிகம் வந்த சொல் பெரிதாகத் தெரியும், பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் நம் மொழியில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டிக்கொள்கிறது. 'நீர்', 'நீரில்', 'நீரால்', 'நீருக்கு' என்று நான்கு பிள்ளைகள் எழுதினால் செயலிக்கு அவை நான்கு வேறு சொற்கள், நான்கும் சின்னதாக மூலையில் கிடக்கும், வேற்றுமையே தேவைப்படாத ஒரு சொல் இரண்டு தடவை வந்து நடுவில் பெரிதாக நிற்கும். வகுப்பு எதை முக்கியமாக நினைக்கிறது என்று அந்தப் படத்தை வைத்துச் சொல்லவே முடியாது. உருபு சேர்க்காமல் எழுதுங்கள் என்று முதலிலேயே சொன்னால் கொஞ்சம் சரியாகும். நான் இப்போது சொல்மேகத்தை ஏறக்குறைய விட்டுவிட்டேன்.

தட்டச்சும் ஒரு தடைதான். தமிழ் விசைப்பலகை பழகாத பிள்ளைகள் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுகிறார்கள், அல்லது எழுதத் தெரிந்த சின்னச் சொல்லாகப் பார்த்து எழுதுகிறார்கள். எண்ணம் பெரிதாக இருந்தும் சொல் சின்னதாகிவிடுகிறது. ஆகவே தாளில் எழுதி, அதைப் படம் பிடித்துப் பலகையில் ஒட்டச் சொல்கிறேன். கையெழுத்தும் அம்புக்குறியும் கிறுக்கலும் அப்படியே வரும். பார்க்கக் கொஞ்சம் குப்பையாகத்தான் இருக்கும், எனக்கு அதுவே போதும்.

செயற்கை நுண்ணறிவுப் பொத்தான் இப்போது இந்தச் செயலிகளில் பலவற்றில் வந்துவிட்டது. தலைப்பைக் கொடுத்தால் மனவரைபடத்தை வரைந்து கொடுத்துவிடும், ஒட்டுத்தாள்களைக் குழுவாகப் பிரித்துவிடும். ஆசிரியராக என் தயாரிப்புக்கு அதைப் பயன்படுத்துகிறேன், வகுப்பு நேரத்தில் அணைத்துவிடுகிறேன், அணைக்க முடியாத செயலி என்றால் அதைப் பிள்ளைகளிடம் கொண்டுபோவதில்லை. குழுவாகப் பிரிப்பதுதான் இங்கே சிந்திக்கும் வேலையே. 'பாசி'யைச் செடிகளோடு வைப்பதா வேண்டாமா என்று நான்கு பேர் தகராறு செய்யும் அந்த ஐந்து நிமிடத்தை ஒரு பொத்தானுக்குக் கொடுத்துவிட்டால் பாடத்தில் மிச்சம் என்ன இருக்கிறது? ஒரே ஒரு வகையில் அது உதவியது. பிள்ளைகள் தங்கள் வரைபடத்தை முடித்த பிறகு இயந்திரம் வரைந்ததைப் பக்கத்தில் காட்டி, இதில் எந்தக் கோடு தெளிவில்லை, எதை விட்டிருக்கிறது என்று தேடச் சொன்னேன், ஆர்வமாகத் தேடினார்கள்.

பார்வைக் குறைபாடு உள்ள பிள்ளை வகுப்பில் இருந்தால் இந்தப் பலகைகள் பெரும்பாலும் கைகொடுப்பதில்லை, எது எதன் பக்கத்தில் இருக்கிறது என்பதைத் திரைவாசிப்பான் (திரையில் இருப்பதைக் குரலில் படிக்கும் மென்பொருள்) சரியாகச் சொல்வதில்லை. அப்போது அதே வேலையைச் சொல் அட்டைகளும் நூலும் வைத்துத் தரையில் செய்தோம், அட்டையின் மேல் தடித்த கோடு, இணைப்புக்கு நூல், உறவைச் சொல்லும் சொல்லை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்த வடிவம் மற்றப் பிள்ளைகளுக்கும் பிடித்துவிட்டது. நிறத்தை வைத்து மட்டும் பொருளைப் பிரிப்பதையும் விட்டுவிட்டேன், சிவப்பு பச்சை வேறுபாடு தெரியாத பிள்ளை எந்த வகுப்பிலும் ஒன்றிரண்டு பேர் இருக்கக்கூடும், ஆகவே நிறத்தோடு வடிவத்தையும் மாற்றுகிறோம்.

இப்போது என் நாற்பது நிமிடம் இப்படிப் போகிறது. முதல் ஏழெட்டு நிமிடம் பேச்சே கிடையாது, ஒவ்வொருவரும் தன் தாளில் வரைவார்கள் எழுதுவார்கள். அப்புறம் நால்வர் குழுவாகச் சேர்ந்து அதைப் பலகைக்கு ஏற்றுவார்கள், இணையம் இருந்தால் எக்ஸ்காலிட்ராவில், இல்லாவிட்டால் பெரிய சார்ட் தாளில். ஒரே பொருளைச் சொல்லும் எண்ணங்களை ஒன்றாக்கி, மொத்தம் பத்துப் பன்னிரண்டுக்குள் கொண்டுவர வேண்டும், இந்த வரம்பு இல்லாவிட்டால் வலை நெய்ததுபோல் ஆகிவிடும். மீதி நேரம் முழுக்கக் கோடுகளுக்குத்தான். பெயரில்லாத கோடு பலகையில் இருக்கக் கூடாது என்பது எங்கள் வகுப்பின் விதி. 'தொடர்புடையது' என்ற சொல்லுக்கும் அனுமதி இல்லை, அது எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்பதால். கடைசி ஐந்து நிமிடம் பக்கத்துக் குழு வந்து ஒரே ஒரு கோட்டின் மேல் கேள்விக்குறி போட்டுவிட்டுப் போகும். மதிப்பெண் கொடுப்பதில்லை, படம் எவ்வளவு அழகு என்று பேசுவதும் இல்லை.

யாருக்கு எது என்று கேட்டால்: சேகரிக்க மட்டும் என்றால் பேட்லெட் எடுங்கள். சேர்ந்து வரைய, கணக்கு எதுவும் தொடங்காமல், எக்ஸ்காலிட்ரா. நீண்ட திட்டப்பணி, வயது கொஞ்சம் கூடிய பிள்ளைகள் என்றால் ஃபிக்ஜாம் அல்லது மிரோ, முன்தயாரிப்புக்கு நேரம் ஒதுக்கிக்கொண்டு. பாடம் புரிந்ததா என்று உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் சிமேப்டூல்ஸ், அது நிறுவ முடியாத இடத்தில் தாளும் பேனாவும், அந்தக் கேள்விக்குறிப் பெட்டியை நீங்களே கோட்டின் நடுவில் வரைந்து கொடுத்துவிடுங்கள்.

ஒளிச்சேர்க்கை வரைபடங்களை நான் எறியவில்லை. பருவ முடிவில் அதே தலைப்பில் இன்னொன்று வரையச் சொல்லி, பழையதை மடித்துப் பக்கத்தில் வைத்தேன். திறந்து பார்த்ததும் நான் எதுவும் சொல்லாமலேயே பேனாவை எடுத்துப் பழைய வரைபடத்தில் திருத்த ஆரம்பித்துவிட்டார்கள். மண்ணிலிருந்து செடிக்குப் போகும் அம்பு அப்படியே இருந்தது, இரண்டு தாள் தவிர மற்றவற்றில் 'உணவு கொடுக்கிறது' என்ற நடுச்சொல் மாறியிருந்தது. மாறாத இரண்டு குழுக்களோடு அடுத்த வாரம் ஒரு தொட்டிச் செடியையும் எடைக்கருவியையும் வைத்துக்கொண்டு உட்காரப் போகிறேன்.